பதினாறாவது வார்டு இறந்த விதம்

வெள்ளாழிப்பட்டினத்தில் பதினாறு வார்டுகள் இருந்தன, பதினாறு வார்டுக்கும் பதினாறு அலுவலகங்கள் இருந்தன, ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது, அதற்குள் அந்த வார்டு ஜனங்களின் பிறப்பும் இறப்பும் வீட்டு எண்ணும் குடிநீர் இணைப்பும் பதிந்து கிடந்தன. இந்தப் பதினாறையும் கழித்துக்கட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒரே சர்வருக்குள் வைத்துவிடலாம் என்று நகராட்சி தீர்மானம் போட்ட தை மாதத்தில்தான் எல்லாம் தொடங்கியது. சர்வர் லாரியில் வந்து இறங்கியது. ஆளுயரம், கறுப்பு நிறம், முன்பக்கம் பச்சை விளக்குகள். சேர்மன் கோதண்டபாணி அதற்குச் சந்தனம் தெளித்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அது இன்னும் மின்சாரத்தில் இணைக்கப்படாத நிலையிலேயே அதன் சாதனைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

அந்த யந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை தவமணிக்கு வந்தது. அவள் பதினொரு வருடமாக நகராட்சியில் ஒப்பந்த ஊழியர். நிரந்தரம் ஆக்குவோம் என்று மூன்று சேர்மன்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், நான்காமவர் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பதினைந்தாவது வார்டில் ஒரு மாடிவீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு தங்கை, ஞானப்பூ. நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி ஏசுவடியானைக் கட்டிக்கொண்டு பதினாறாவது வார்டுக்குப் போனவள். பதினாறாவது வார்டு உப்பளத்துக்கும் குப்பைக் கிடங்குக்கும் நடுவே இருந்தது. தெரு கூட்டுகிறவர்களும் சாக்கடை அள்ளுகிறவர்களும் உப்பு வாருகிறவர்களும் அங்கே இருந்தார்கள். ஞானப்பூ அப்போது ஏழு மாத கர்ப்பிணி.

சர்வருக்குள் இருபது பிராசஸர்கள் இருந்தன. யோசிக்கிற வேலை அவற்றுடையது. யந்திரத்தைப் பதினாறு அறைகளாகப் பிரிக்க வேண்டும், வார்டுக்கு ஓர் அறை, அறை என்றால் சுவர் கிடையாது, ஆனால் ஒவ்வோர் அறையும் தான்தான் தனி யந்திரம் என்று நினைத்துக்கொள்ளும். எந்த அறைக்கு எத்தனை பிராசஸர் என்று எழுதிக்கொடுக்கிறோமோ அந்த அறை அந்த வேகத்தில் ஓடும். எழுதிக்கொடுப்பதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். போன வருடம் எந்த வார்டு கம்ப்யூட்டரை எவ்வளவு பயன்படுத்தியதோ அதே விகிதத்தில் பங்கு என்று விதி வகுத்தார்கள். சேர்மன் வீடும் கிளப்பும் டாக்டர்கள் பங்களாக்களும் இருந்த ஒன்றாவது வார்டுக்கு நான்கு பிராசஸர் வந்தது, மற்றவர் யாரும் தொட முடியாதபடி தனியாக. நடுவிலிருந்த பதினான்கு வார்டுகளுக்கு ஆளுக்கு ஒன்றும், ஒன்றுக்குக் கொஞ்சம் கூடவும் வந்தது. பதினாறாவது வார்டு ஒரு வருடமாக எதையும் பயன்படுத்தவில்லை என்று தாளில் இருந்தது.

"சார், அங்க கம்ப்யூட்டரே ஓடலியே. உப்புக் காத்து பட்டு ரெண்டு வருசமா செத்துக் கெடக்கு" என்றாள் தவமணி.

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் சேர்மன். "ஓடல. தேவை இருந்தா ஓடிருக்கும்லா?"

"சரிபண்ணித் தாங்கன்னு நாலு மனு குடுத்திருக்காவ சார்."

"நாலு மனுவும் கையால எழுதுன மனு. கம்ப்யூட்டர்ல வரல. அப்ப அது பயன்பாட்டுல சேராது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஒனக்கு அங்கன சொந்தமோ?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி இருக்கா சார்."

"அப்பக் கேக்கச் சொல்லும்மா. கேட்டா குடுக்கப் போறோம். நாம என்ன இல்லைன்னா சொல்லுதோம்?"

பதினாறாவது வார்டுக்கு ஒரு பிராசஸரில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். அதற்குக் கீழே ஒதுக்க யந்திரம் அனுமதிக்கவில்லை. அனுமதித்திருந்தால் அங்கேயும் போய்ப் பார்த்திருப்பார்கள்.

தை பதினைந்தாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குத் தவமணி அந்தப் பட்டியலைச் சர்வரில் ஏற்றினாள். சேர்மனும் தன் ரகசியச் சொல்லைத் தட்டினார், ஏனென்றால் இரண்டு பேர் சம்மதமில்லாமல் பங்கு மாறாது என்று யந்திரத்தைச் செய்தவர்கள் வைத்திருந்தார்கள். பச்சை விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. அதே நேரத்தில் பதினாறாவது வார்டில் குழாயடியில் குடம் தூக்கிய பெண்கள் அந்தக் குடத்தை இடுப்புக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள், கொட்டாவி விட்டவர்கள் வாயை மூடுவதற்குள் பக்கத்துக் கடையில் இட்லி வெந்து இறங்கியது. ஒன்றாவது வார்டிலோ சேர்மன் வீட்டுச் சமையல்காரர் ஒரு மூச்சில் பதினாறு வெங்காயம் அரிந்து, அதற்கு மேல் அரிய வெங்காயம் இல்லாமல் கத்தியோடு நின்றார். மற்ற வார்டுக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் சுறுசுறுப்பாக இருப்பதுபோல் இருந்தது, புதுக் காபித்தூள் காரணம் என்று நினைத்தார்கள்.

ஊர் இதைப் பழகிக்கொள்ள ஒன்பது நாள் ஆனது. முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் டவுன் பஸ் கண்டக்டர் பதினாறாவது வார்டு நிறுத்தத்தில் நிற்பதை விட்டுவிட்டார், ஒரு ஆள் படியில் ஒரு காலை வைத்து மறுகாலைத் தூக்குவதற்குள் அடுத்த பஸ் வந்து பின்னால் ஹாரன் அடித்தது. பள்ளிக்கூடத்தில் பதினாறாவது வார்டுப் பிள்ளைகள் காலை மணிக்குக் கிளம்பி மாலை மணிக்கு வந்து சேர்ந்தார்கள், வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று எழுதினார்கள். ஐந்தாம் நாளில் யாரோ ஒருவர் டீக்கடையில், "அவிய எப்பவுமே அப்பிடித்தானே" என்று சொன்னார். எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். ஆமாம், எப்போதுமே அப்படித்தான் என்று அவர்களுக்கு ஞாபகம் வந்தது. ஒன்பதாம் நாளுக்குள் அந்த ஞாபகம் எல்லோருக்கும் வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் குறிப்பேட்டோடு போய், அங்கே ஒரு கேள்வி கேட்டு, பதில் வருவதற்குள் திரும்பி வந்து, உப்புக் காற்றும் பரம்பரையும் ஊக்கமின்மையும் காரணம் என்று அறுபது பக்கம் எழுதினார்.

ஒன்றாவது வார்டுக்காரர்களுக்கோ தங்கள் வேகம் பிறவியிலேயே வந்தது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அவர்கள் காலை ஏழு மணிக்குள் ஒரு நாள் வேலையை முடித்தார்கள், பத்து மணிக்குள் இன்னொரு நாள் வேலையை முடித்தார்கள், அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் சங்கம் ஆரம்பித்தார்கள். சேர்மன் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், 'நான் ஏன் வேகமாக இருக்கிறேன்' என்ற தலைப்பில் பேசினார், அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை, வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, முடிந்ததும் கைதட்டினார்கள். கல்யாணத் தரகர்கள் நட்சத்திரம் கேட்டார்கள், ராசி கேட்டார்கள், பிறகு வார்டு கேட்டார்கள். நான்கு பிராசஸர் மாப்பிள்ளைக்கு ஒரு பிராசஸர் பெண் போதும் என்று சிலரும், வீட்டில் ஒரு வாக்கியத்தை முடிக்க அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மாப்பிள்ளைக்குப் பசித்துவிடும் என்று சிலரும் சொன்னார்கள். பசிதான் அங்கே ஒரு கஷ்டம். ஒன்றாவது வார்டுக்காரர்களுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை பசித்தது. பன்னிரண்டு தடவை சாப்பிட்டார்கள், நான்கு தடவை முகம் சவரம் செய்தார்கள், நான்கு மடங்கு குப்பை போட்டார்கள். அந்தக் குப்பையை அள்ள வேண்டியவர்கள் பதினாறாவது வார்டிலிருந்து பத்தில் ஒரு பங்கு வேகத்தில் புறப்பட்டு வந்துகொண்டிருந்தார்கள். மாசி பிறக்கும்போது கிளப் வாசலில் குப்பை இடுப்பளவு இருந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதாக அவர்கள்மேல் நோட்டீஸ் விட்டார்கள். நோட்டீஸுக்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். ஏழாம் நாள் அவர்கள் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்கச் சொல்லு, கொடுப்போம் என்று சேர்மன் சொல்லியிருந்தார் அல்லவா, அவர்கள் கேட்கவும் செய்தார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பதினாறாவது வார்டிலிருந்து ஆறு பேர் வந்து வரிசையில் நின்று, தங்கள் முறை வந்ததும் முன்னால் நின்றவர் வாயைத் திறந்தார். "ஐ" என்ற எழுத்து வந்தது. "யா" வருவதற்கு முன்னால் குமாஸ்தா மனுப் புத்தகத்தில் 'மனுதாரர் மௌனம்' என்று எழுதி மூடிவிட்டார்.

தவமணி வாரத்துக்கு இரண்டு தடவை தங்கை வீட்டுக்குப் போனாள். போய் முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். ஞானப்பூ அவளைப் பார்த்து முகம் திருப்புவதற்குள் கால் மரத்துப்போகும். ஒரு சிரிப்பு உதட்டில் தொடங்கி முடிவது ஒரு மணி நேரமாக நடந்துகொண்டிருக்கும். ஆனால் வயிறு மட்டும் மெதுவாக இல்லை. பிறக்காத பிள்ளைக்கு எந்தப் பதிவும் கிடையாது, அதனால் எந்த வார்டும் கிடையாது. அது தன் போக்கில் வளர்ந்தது, தன் போக்கில் உதைத்தது. தாயின் உடம்பு ஒரு வாரம் நகர்வதற்குள் பிள்ளை பத்து வாரம் நகர்ந்திருந்தது. தவமணி அந்த வயிற்றில் கை வைத்து, படபடவென்று அது உதைப்பதை உணர்ந்து, பட்டியலை ஏற்றியது இந்தக் கைதான் என்று நினைத்துக்கொண்டே அடுத்த நிறுத்தம் வரை நடந்துபோய் பஸ் ஏறுவாள். இரண்டு தடவை சேர்மனிடம் போய் வாதாடியும் பார்த்தாள். இரண்டு தடவையும் அவர், அவர்களிடமிருந்து மனு வரவில்லையே என்றார்.

பங்குனி இருபத்தைந்தாம் தேதி காலை சுகாதார ஆய்வாளர் பெருமாள்சாமி மூன்றாவது வார்டு முக்கில் ஏசுவடியானைப் பார்த்தார். விளக்குமாற்றைத் தரையில் ஊன்றியபடி குனிந்து நின்றான். காலை ஆறு மணியிலிருந்து அப்படியே நிற்பதாக எதிர்க்கடைக்காரர் சொன்னார். பெருமாள்சாமி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணினார். நாடி இல்லை. எட்டு வரை எண்ணியிருந்தால் ஒருமுறை துடித்திருக்கும், ஆனால் அவருக்கு வேறு வேலை இருந்தது. இறந்துவிட்டான் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார்.

தவமணி அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தாள். தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது, சொன்னாலும் அவள் அழத் தொடங்குவதற்குள் அடக்கமே முடிந்துவிடுமே என்று தோன்றியது. கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது. கையெழுத்துப் போட்ட சீட்டு, பதியாமல் வைத்திருக்க முடியாது. பதினாறாவது வார்டுப் பதிவேட்டைத் திறந்து ஏசுவடியான் பெயரை எடுத்து, இறப்பு என்ற கட்டத்தில் தேதியையும் சீட்டிலிருந்த காரணத்தையும் போட்டாள்.

கால் மணி நேரத்தில் ஏசுவடியான் விளக்குமாற்றோடு அவள் அறைக்குள் நுழைந்தான்.

"மதினி, நான் செத்துட்டேன்னு சொல்லுதாவ. ஆஸ்பத்திரி வண்டில ஏத்திட்டாவ, நான் எறங்கி நடந்து வந்துட்டேன். வர வழில மூணாவது வார்டு முக்கையும் கூட்டியாச்சு."

தவமணி எழுந்து அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். வியர்த்திருந்தது.

"இன்னைக்கு என்ன தேதி மதினி?" என்று கேட்டான்.

"பங்குனி இருவத்தஞ்சு."

"எனக்குத் தை இருவத்திரெண்டுலா." அவன் நாற்காலியைப் பார்த்தான், இங்கே உட்காரலாமா என்று தயங்கி, பிறகு உட்கார்ந்தான். "மத்தவியளெல்லாம் ஈ மாதிரி சர்ரு சர்ருன்னு போறாவ, என்னமோ ஏசிக்கிட்டே போறாவ, என்ன ஏசுதாவன்னு பிடிபடாது. ஒரு வாரமா அப்பிடித்தான் இருந்திச்சு. இப்பந்தான் எல்லாரும் நெதானமா நடக்காவ."

தவமணி திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். செத்தவன் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவனுக்கு வார்டு இல்லை. வார்டு இல்லாதவன்மேல் யந்திரத்துக்கு என்ன பாத்தியம்?

"தப்பாப் போட்டுட்டாவ. நான் திருத்திருதேன்" என்று கையைக் கொண்டுபோனாள்.

"வேண்டாம் மதினி" என்றான் ஏசுவடியான். "நிக்கட்டும். இப்பத்தான் இந்த ஒடம்பு என் ஒடம்பா இருக்கு."

அடுத்த நாள் மத்தியானம் ஞானப்பூவுக்கு வலி கண்டது. வலி கண்டது என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. புருவம் சுருங்குவதை ஏசுவடியான் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்து, புரிந்துகொண்டு, பாயோடு தூக்கி ஆட்டோவில் போட்டான். நகராட்சி மகப்பேறு மனையில் நர்ஸ் ரஞ்சிதம் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டாள், பிறகு ஞானப்பூவின் மூக்கருகே விரல் வைத்து மூச்சைப் பார்த்தாள், தவமணியை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"பாருங்கக்கா, புள்ள அவசரப்படுது. அதுக்கு நேரம் வந்துட்டு. அம்மாவுக்கு வரல. அம்மா ஒரு தடவ மூச்சு விடுததுக்குள்ள புள்ளைக்குப் பத்து மூச்சு வேணும். இதுவரைக்கும் எப்பிடியோ தாக்குப்பிடிச்சிட்டு. இனிமே பத்தாது."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஒரு மணி நேரம். கூடச் சொல்ல முடியாது. ஆப்பரேசன் பண்ணலாம்னா மருந்து அளவு தெரியல, எல்லா மருந்தும் இவளுக்குப் பத்து மடங்கா ஏறும்."

தவமணி தங்கையின் கட்டிலருகே போய்க் குனிந்தாள். "ஏட்டி, ஒன்ன நான் பதிவுலருந்து எடுக்கப் போறேன், கேக்குதா?" என்றாள். ஞானப்பூவின் கண் அவளை நோக்கித் திரும்பத் தொடங்கியது. அது வந்து சேரும்வரை காத்திருக்க நேரம் இருக்கவில்லை. ஏசுவடியான், "போங்க மதினி, அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும்" என்றான்.

மகப்பேறு மனையிலிருந்து நகராட்சி நான்கு தெரு. தவமணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வழியில் பெருமாள்சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார், அவரிடம் ஒரு வெற்றுச் சீட்டை நீட்டினாள், அவர் வாசிக்கவில்லை, வாசிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அறைக்குள் போய் ஞானப்பூ, கணவர் பெயர் ஏசுவடியான், கதவு எண் நாற்பத்தொன்று என்று எடுத்தாள். அவள் பிறந்த தேதி திரையில் வந்தது. அந்தத் தேதியில் தான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது தவமணிக்கு நினைவிருந்தது. இறப்பு என்ற கட்டத்தில் இன்றைய தேதியை அடித்தாள். காரணம் என்ன என்று யந்திரம் கேட்டது. காரணம் இல்லாமல் அது ஏற்றுக்கொள்ளாது. முதலில் 'பிரசவம்' என்று அடித்து அழித்தாள். பிறகு 'தாமதம்' என்று அடித்தாள். யந்திரம் ஏற்றுக்கொண்டது.

போன் அடித்தது. ஏசுவடியான்.

"மதினி, அவ கத்துதா."

"எப்பிடிக் கத்துதா?"

"நல்லா வேகமாக் கத்துதா. என் பேரச் சொல்லிக் கத்துதா, ஒங்க பேரையும் சேத்து ஏசுதா."

தவமணி மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஐந்தரை மணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. செத்தவளுக்குப் பிறந்த பிள்ளையை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று மகப்பேறு மனைக் குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை, எழுதாமலே விட்டுவிட்டார், யாரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த வாரம் ஏசுவடியானும் ஞானப்பூவும் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வார்டில் வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று விஷயத்தைச் சொல்வார்கள், வேகமாகச் சொன்னால் கேட்காது என்பதால் ஒவ்வோர் எழுத்தாக இழுத்துச் சொல்வார்கள், பதில் வரும்வரை படியில் உட்கார்ந்திருப்பார்கள். சில வீடுகளில் மதியச் சாப்பாட்டை அங்கேயே கட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிட்டார்கள். தலையாட்ட ஆரம்பிப்பது தெரிந்தால் போதும், முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள், பெயரை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பத்தொன்பது நாள் ஆனது. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் மட்டும் சாக மாட்டோம் என்றார்கள். ஒருவருக்கு ரேஷன் கார்டு போய்விடும் என்று பயம், ஒருவர் அடுத்த தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்கலாம் என்றிருந்தார், மூன்றாமவர் எழுபது வயதுப் பெண், இத்தனை அவசரமாகப் பிழைத்து என்ன செய்ய என்று கேட்டார்.

சித்திரை பதினெட்டாம் தேதி காலையில் தொடங்கி மாலைக்குள் தவமணி எல்லோரையும் பதிந்து முடித்தாள். பெருமாள்சாமி கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டார், நடுவில் ஒருதடவை பேனா மாற்றினார். காரணம் எல்லோருக்கும் ஒன்றே. மாலையில் அந்த வார்டே எழுந்து நடந்தது. குடத்தை இறக்கினார்கள், மூன்று மாதமாகப் பாதியில் நின்ற சண்டைகளை முடித்தார்கள், பிள்ளைகளைத் துரத்திப் பிடித்துக் குளிப்பாட்டினார்கள்.

பதினாறாவது வார்டு இறந்துவிட்டது என்று நகராட்சிக்குத் தெரிய நான்கு நாள் ஆனது. மன்றம் கூடி இரங்கல் தீர்மானம் போட்டது. இரண்டு நிமிடம் மௌனம். ஒன்றாவது வார்டு உறுப்பினர்களுக்கு அது எட்டு நிமிடமாக இருந்தது, அதற்குள் அவர்களுக்குப் பசித்துவிட்டது. மிச்சமிருக்கும் மூன்று பேருக்குப் பத்தில் ஒரு பங்கு அதிகம் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார்.

செத்தவர்கள் தெருவில் போகிறார்கள், காய்கறி வாங்குகிறார்கள், பஸ் ஏறுகிறார்கள் என்பதை ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பழகிக்கொள்ள முடியாதது குப்பை. வருகைப் பதிவேட்டில் ஒரு துப்புரவுத் தொழிலாளி கூட உயிரோடு இல்லை. நகராட்சி அவர்களுக்கு வேலைக்கு வரச்சொல்லி உத்தரவு அனுப்பியது, 'முகவரியாளர் இறந்துவிட்டார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பிக் கொண்டுவந்தார். சேர்மன் நேரில் ஜீப்பில் போய் ஏசுவடியானைப் பிடித்தார்.

"வேலைக்கு வாங்கப்பா, ஊரே நாறுது" என்றார், எழுத்து எழுத்தாகப் பிரித்து, தொண்டை நோக.

"நாங்க செத்துட்டோம்லா சார்" என்றான் ஏசுவடியான்.

"செத்தா என்ன, கை கால் நல்லாத்தானே இருக்கு?"

"அதெல்லாம் நல்லாருக்கு சார். பக்கத்து டவுன்ல கூட்டுதோம். அங்க நாங்க உசுரோட இருக்கோம்."

பதினைந்தாவது வார்டுக்காரர்களும் மற்றவர்களும் தங்கள் தெருவைத் தாங்களே கூட்டக் கற்றுக்கொண்டார்கள், முதுகு வலிக்கிறது என்றார்கள், இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது என்றார்கள். ஒன்றாவது வார்டில் யாரும் கூட்டவில்லை. அங்கே குப்பை மாடி ஜன்னலைத் தொட்டது.

வைகாசியில் ஒரு நாள் காலை சேர்மன் கோதண்டபாணி தவமணியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவள் அவரைப் பக்கத்தில் பார்த்தாள். நான்கு மாதத்தில் பதினாறு மாதம் வாழ்ந்திருந்தார். காதோரம் முழுக்க நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. மூன்று தடவை ஏதோ சொன்னார், அவளுக்கு ரீங்காரம்தான் கேட்டது. நாலாவது தடவை நிதானப்படுத்திக்கொண்டு சொன்னார்.

"தவமணி, பொழுது போக மாட்டேங்கு. விடிஞ்சா மத்தியானம் வர்றதுக்குள்ள எனக்கு ஒரு முழு நாள் ஆயிருது. யார்ட்டப் பேசினாலும் அவன் வாயத் தொறக்க காத்துக் கெடக்கணும். வீட்டுக்காரி ஒருத்திதான் என் வேகத்துக்குப் பேசுதா. அவ பேசுததக் கேக்கவும் முடியல." எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னையும் எடுத்துரு."

"நாலு பிராசஸர ஒண்ணாக் கொறைச்சிரலாமே சார். ரெண்டு பேரும் ரகசியச் சொல்ல அடிச்சா ஒரு நிமிசம்."

"கொறைக்கதா? அப்பிடிச் செஞ்சா வார்டுக்காரன் என்னை வெட்டிப்போடுவான். நான் மட்டும் சத்தமில்லாம செத்துக்கிடுதேன்."

தவமணி ஒன்றாவது வார்டுப் பதிவேட்டைத் திறந்து அவர் பெயரை எடுத்தாள். "தேதி போடவா சார்?"

"போடு. இரு, போடாத. செத்தா பதவி?"

"காலியாயிரும் சார். துணைத் தலைவர் வருவாரு."

சேர்மன் அந்த நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அது நான்கு நிமிடம். அதற்குள் நெற்றியில் வியர்த்து, துடைத்து, மறுபடியும் வியர்த்தது. பிறகு எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் மேசையில் வைத்தார். மிச்சமிருந்த மூன்று பேரைப் பதினைந்தாவது வார்டோடு சேர்த்து, பதினாறாவது வார்டை நீக்கிவிட்டு, பங்கைத் திருத்தி எழுதியிருந்தார்கள். பழைய விதியோடு ஒரு வரி சேர்த்திருந்தார்கள், பயன்பாட்டில் கடைசியாக இருக்கும் வார்டுக்குப் பத்தில் ஒரு பங்கு. இப்போது கடைசியாக இருந்தது பதினைந்தாவது வார்டு. மிச்சமானது முழுவதும் ஒன்றாவது வார்டுக்குச் சேர்க்கப்பட்டிருந்தது.

"என் ரகசியச் சொல்ல நான் கீழ அடிச்சிட்டேன். நீ ஒன்னோடத அடிச்சிரு, சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும்" என்றார். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

தவமணி தாளைப் படித்தாள். தன் வார்டு எண்ணைப் படித்தாள். கதவைத் திறந்தபோது வராந்தாவில் வரிசை நின்றது. படிக்கட்டு வழியாக இறங்கி, வாசலைத் தாண்டி, தபால் ஆபீஸ் வரை போயிருந்தது. எல்லோரும் அவள் தெருக்காரர்கள், அடுத்த தெருக்காரர்கள், அதற்கடுத்த தெருக்காரர்கள். தாளை டைப் அடித்த பெண்ணும் பதினைந்தாவது வார்டுதான், அவளே வரிசையில் ஐந்தாவதாக நின்றாள். நடுவே எங்கோ பெருமாள்சாமி தன் சீட்டுப் புத்தகத்தோடு, வரிசை மாறாமல் நின்றார்.

முதலில் நின்றவர் லோடு ஆட்டோ ஓட்டும் சவரிராஜ். இடுப்பில் சின்ன மகன் இருந்தான்.

"எல்லாரும் வந்துட்டியளா?" என்று தவமணி கேட்டாள்.

"நடக்க முடிஞ்சவிய எல்லாரும் வந்தாச்சு. முடியாதவிய பேர எழுதிக் கொண்டாந்திருக்கோம்" என்றார் சவரிராஜ். "தெரு நாயி மட்டும்தான் வரல. அதுக்குப் பதிவு கெடையாது, அது பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருக்கும்."

தவமணி திரும்பிப்போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முதலில் தன் பெயரைத் தேடி எடுத்து, தேதியைப் போட்டு, காரணத்தை அடித்தாள். பிறகு சவரிராஜை உள்ளே வரச்சொல்லி, கதவு எண் என்ன என்று கேட்டாள்.